கதவு மூடிய பின் நாற்பது நிமிடங்கள்

சென்ற மாதம் ரிஸ்வானா அழைத்தாள். மடவளைக்காரி, என்னோடு ஒன்பது வருடம் விமானப் பணியாளராக வேலை செய்தவள். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். இனிமேல் பயணிகள் வானத்தில் இருந்தபடியே இணையத்தில் பேசலாம், செய்தி அனுப்பலாம் என்று அவர்களுடைய நிறுவனத்தில் வந்துவிட்டதாம். அப்படியானால் முன்பெல்லாம் எதற்காகத் தொலைபேசியை நிறுத்தச் சொன்னீர்கள் என்று வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறாள்.

“சேர், ஒங்கட காலத்துல மனிசர் மெய்யாவே போனை நிப்பாட்டினாங்களா? கொஞ்சம் எழுதித் தாங்களே. புள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும். சிரிப்பா எழுதுங்க,” என்றாள்.

சிரிப்பாக எழுத என்னிடமும் சில விஷயங்கள் உண்டு. ஆனால் அம்பிட்டியவில் இந்த வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது, எங்கே தொடங்கினாலும் அது ஓரிடத்தில்தான் போய் நின்றது. அதனால் அங்கேயே போகிறேன். ரிஸ்வானா இதை வகுப்பில் வாசிப்பாளா என்று தெரியாது.

நான் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். நான் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தேன். மூன்று மொழியும் தடங்கலில்லாமல் வந்தன, உயரமும் இருந்தது. பத்திரிகை விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தில் தீயணைக்கவும், தண்ணீரில் மிதக்கவும், குலுங்குகிற விமானத்தில் கோப்பி ஊற்றவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கைத்தொலைபேசி பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்தது. பயிற்சிப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருந்ததாக ஞாபகம்.

பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அந்த ஒரு வரி எங்கள் வேலையில் பாதியாகிவிட்டது.

கதவுகள் மூடப்பட்டதும் அறிவிப்பு வரும். அதன்பின் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பகுதியில் முன்னிருந்து பின்னாக நடப்போம். பார்க்கும் ஒழுங்கு மாறாது: ஆசனப்பட்டி, நிமிர்த்திய சாய்வு, மடித்த மேசை, திறந்த யன்னல் மறைப்பு, காலடியில் பை, கடைசியாகக் கை. கையில் தொலைபேசி இருந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியென்றால் தலைமைப் பணியாளருக்கு இன்டர்போனில் ‘தயார்’ என்று சொல்ல வேண்டும். எல்லாப் பகுதியிலிருந்தும் அந்தச் சொல் வந்த பிறகு அவர் விமானிக்குச் சொல்வார். அதை நம்பித்தான் விமானம் ஓடுபாதைக்குப் போகிறது.

இருபத்தாறு வருடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஒரு தடவையாவது அது உண்மையாக இருந்ததா என்பது சந்தேகம்.

நிறுத்தியவர்கள் யார், நிறுத்தாதவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். தரையிறங்கும்போது தெரிந்துவிடும். உண்மையாகவே நிறுத்திய தொலைபேசியைத் திரும்ப இயக்கி அது கோபுரத்தைத் தேடிப் பிடிக்க ஒரு நிமிடமாவது ஆகும். ஆனால் சில்லு தரையைத் தொட்ட கணமே, சில வேளை அதற்கும் முன்னாலேயே, எல்லாப் பக்கமும் டிங் டிங் என்று செய்திகள் வந்து விழும். அவையெல்லாம் பயணம் முழுக்க விழித்திருந்தவை. நாங்கள் எங்கள் மடக்கு ஆசனங்களில் பட்டி போட்டபடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

ஒரு தடவை விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும் நேரம் தலைக்கு மேலே பைகள் வைக்கும் பெட்டிக்குள் சேவல் கூவியது. எவருடையதோ தொலைபேசி. விமானம் மேலே ஏறும்வரை விடாமல் கூவியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்; யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. தரையிறங்கிய பின், மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு மனிதர் அந்தப் பெட்டியைத் திறந்து, பையிலிருந்து அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து ஆசனக்காரர் தொலைபேசியை நிறுத்தவில்லை என்று என்னிடம் முறையிட்டவர் அவர். போகும்போது எனக்கு நன்றி சொன்னார்.

ஒழுங்காக நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். தெல்தோட்டை, ஹுன்னஸ்கிரிய, புசல்லாவைப் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். நாங்கள் சொல்லி முடிக்குமுன் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியது போதுமா என்ற பயத்தில் சிலர் பேட்டரியைக் கழற்றி எங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஒரு பயணத்தில் என் சட்டைப்பையில் ஆறு பேட்டரிகள் இருந்தன. எது எவருடையது என்று தெரியாமல் இறங்கும்போது திண்டாடினேன்.

அவர்களிடம் நான் எங்கள் தோட்டத்துப் பேச்சில் பேசியதில்லை. பள்ளிக்கூடத் தமிழில், ‘அமருங்கள்’, ‘நிறுத்துங்கள்’ என்றுதான் பேசுவேன். நானும் அந்தப் பக்கத்து ஆள் என்று அவர்களுக்குத் தெரிவதில் அப்போது எனக்கு விருப்பமில்லை.

லயனல் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தலைமைப் பணியாளர்களில் மூத்தவர். கட்டுகஸ்தோட்டையில் வீடு. மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆண் பணியாளர் எல்லோரையும் ‘மல்லி’ என்பார், சிங்களத்தில் தம்பி. பயணிகள் ஏறும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தவறு செய்தால் அப்போதே ஒன்றும் சொல்லமாட்டார். பயணம் முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, நாம் தவறு செய்த வரிசைக்கே கூட்டிக்கொண்டு போய் அந்த ஆசனத்தில் நம்மை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு, இங்கே என்ன நடந்தது என்று கேட்பார். நாமே சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், “சரி, வா,” என்பார். அவ்வளவுதான்.

தொலைபேசியால் விமானம் விழுமா என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

“விழாது மல்லி,” என்றார். “விமானியின் காதில் சில வேளை டுடுக் டுடுக் என்று இரைச்சல் கேட்கும், அவருக்கு எரிச்சல் வரும். ஆனால் தீப்பிடித்தால் தொண்ணூறு வினாடியில் எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். பையை விட்டுவிட்டு ஓடு என்று கத்துவோம். இன்றைக்கு நீ சொல்லிப் போனை நிறுத்தாதவன் அன்றைக்கு நீ சொல்லிப் பையை விடமாட்டான். நாம் சொன்னால் செய்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் இது.”

அது சரியாகவே பட்டது. இன்றைக்கும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரும் திரைக்கு முன்னால் விலையுயர்ந்த ஆசனங்களில் இருக்கிறவர்களிடம் ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் தடவை சொன்னால் முறைப்பாடு எழுதுவார்கள். நாங்களும் அப்படியே பழகினோம்.

நான் சொல்ல வந்த பயணம் ஒரு வளைகுடா நகரத்திலிருந்து கட்டுநாயக்கவுக்குத் திரும்பி வந்தது. அங்கே காலை; இங்கே நடுப்பகல். லயனல் சேர் தலைமை. விமானத்தின் பின்பாதிக்கு நான் பொறுப்பு. அந்தப் பயணம் முழுக்க அவர் என்னைக் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் எனக்குத் தலைமைப் பணியாளர் பதவி. மூன்று வருடமாகக் காத்திருந்த பதவி அது.

நடுக் கதவை ஒட்டிய வரிசையில், என் மடக்கு ஆசனத்துக்கு நேர் எதிரே, ஒரு பெண் இருந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். பச்சை சல்வார். கையில் பட்டன் போன். கதவு மூடி அறிவிப்பும் முடிந்துவிட்டது. நான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கடையில் நின்று பேசுவது போலச் சாதாரணமாகப் பேசினாள்.

“சப்பாத்து வாங்கிட்டேன், கறுப்புதான், ஒம்பதாம் நம்பர். கடிக்கிதுன்னா மாத்த ஏலாது, இப்பவே சொல்லிட்டேன். மக கணக்குல நல்லா எடுத்திருக்கா, சொன்னாளா? அவ சொல்லியிருக்க மாட்டா. இன்னைக்கே வந்துருவேன். அஞ்சு மணிக்குள்ள வர முடியாது, நேரமானாலும் உள்ள விடச் சொல்லிக் கேப்பேன்.”

மறுபக்கம் பதில் வருவதாகத் தெரியவில்லை. அவள் நிறுத்தாமல் பேசினாள்.

“மேடம், கதவு மூடியாகிவிட்டது. தொலைபேசியை நிறுத்துங்கள்,” என்றேன்.

அவள் போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். “சேர், வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியாம இருக்கு. கண்டி ஆஸ்பத்திரியில. பேச்சு நின்னு போச்சு. பன்னெண்டு மணிக்குப் பாக்க விட்டிருக்காங்க, கொழுந்தன் போனைக் காதுல வச்சிருக்காரு. ரெண்டு நிமிஷம் சேர்.”

“பேச முடியாதவரோடு என்ன பேசுகிறீர்கள்?” என்று கேட்டேன். இந்த வார்த்தைகளை நான் மாற்றி எழுதவில்லை. இப்படித்தான் கேட்டேன்.

“அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு சேர்,” என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஆள் போர்வைக்குள் தொலைபேசியை வைத்துச் செய்தி எழுதிக்கொண்டிருந்தான். போர்வையின் நூலிடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். லயனல் சேர் திரையருகே வந்து நிற்பதையும் பார்த்தேன்.

“நிறுத்தாவிட்டால் உங்களை இறக்கிவிட வேண்டி வரும்,” என்றேன்.

அது நாங்கள் பயமுறுத்தச் சொல்லும் வசனம். என் வாழ்நாளில் தொலைபேசிக்காக ஒருவரையும் இறக்கிவிட்டதில்லை. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும். முகம் மாறிவிட்டது. போனில், “இருங்க, வந்துர்றேன்,” என்று மட்டும் சொன்னாள். திரை அணையும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தாள். நான் நகர்ந்தேன். ‘தயார்’ என்று சொன்னேன்.

விமானம் அசையவில்லை. மணற்புழுதி காரணமாகப் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டுள்ளன, நாற்பது நிமிடமாவது ஆகும், எல்லோரும் ஆசனத்திலேயே இருக்கவும் என்று விமானி அறிவித்தார். இயந்திரங்கள் இன்னும் இயக்கப்படவில்லை.

அப்படியான நேரத்தில் விமானி சம்மதித்தால் பயணிகளைப் பேச விடலாம். விடாமலும் இருக்கலாம். அன்று அதைப் பற்றி அறிவிப்பு எதுவும் வரவில்லை. அவள் போனை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள்.

நான் முன்னால் போய் லயனல் சேரிடம் விஷயத்தைச் சொன்னேன். புருஷன் சாகக் கிடக்கிறார், விமானம் நிற்கிறது, பேச விடலாமா என்று கேட்டேன். அவர் கைதுடைக்கும் கடதாசி ஒன்றை எடுத்து நான்காக மடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மாபிள் கற்கள் வந்து சேராததைப் பற்றித் தொலைபேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“பின்பக்கம் உன் பொறுப்பு மல்லி,” என்றார் லயனல் சேர். “நான் முன்பக்கம் இருக்கிறேன். பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது.”

இதை எப்படி எடுத்துக்கொள்வது? பேசவிடு, நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன் என்கிறாரா? இல்லை, என் உறுதியைச் சோதிக்கிறாரா? அறிக்கைத் தாள் அவருடைய பைக்குள் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் தெரியவில்லை. சோதனைதான் என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

திரும்பிப் போகும்போது அவளுடைய பக்கத்தால் போகாமல் மறுபக்க நடைபாதையால் போனேன். பின் சமையலறையில் நின்று, ஏற்கெனவே எண்ணி வைத்த சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப எண்ணினேன். நாற்பது நிமிடம் நான் அந்த வரிசைப் பக்கம் போகவில்லை.

விமானம் மேலே ஏறிய பின் தண்ணீர் கொடுக்கப் போனபோது அவள் கேட்டாள், “கண்டியில இப்ப எத்தனை மணி சேர்?”

சொன்னேன். சாப்பாடு கொண்டுபோனபோதும் கேட்டாள். தட்டை எடுக்கப் போனபோதும் கேட்டாள். “அஞ்சு மணிக்குத் திரும்பவும் பாக்க விடுவாங்க தானே சேர். கொழுந்தன் வெளியில மரத்தடியில இருப்பாரு,” என்றாள். நான் ஆமாம் என்றேன்.

கட்டுநாயக்கவுக்கு இறங்கும்போது, அலுமாரியில் தொங்கவிட்டிருந்த என் மேலங்கியை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே மடக்கு ஆசனத்தில் பட்டி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் முழங்கால்களுக்கு இடையே இரண்டு முழம்கூட இராது. விமானம் தாழ்ந்தது. சில்லுகள் வெளியே வந்த இரைச்சல் கேட்டது. கீழே தென்னந்தோப்புகள் தெரிந்தன.

அப்போது டிங் என்று ஒரு சத்தம். என் நெஞ்சிலிருந்து வந்தது.

மேலங்கியின் உள்பையில் என் தொலைபேசி இருந்தது. காலையில் ஹோட்டலில் வைத்தது. நிறுத்தியதாக நினைத்திருந்தேன், நிறுத்தவில்லை. நான் மற்றவர்களிடம் நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டு நடந்த நேரமெல்லாம், அது விழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில்லு தரையைத் தொட்டது. எல்லாப் பக்கமும் டிங் டிங் என்று விழத் தொடங்கின. அவளும் தன் போனை இயக்கினாள். அந்த நாட்டு சிம். இங்கே வேலை செய்யவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் நின்றதும் என் தொலைபேசியை நீட்டினேன். “அக்கா, இதுல பேசுங்க,” என்றேன். அந்தப் பயணத்தில் முதல் தடவையாக என் வாயில் வந்த எங்கள் பக்கத்துப் பேச்சு.

இலக்கத்தை மனப்பாடமாக அழுத்தினாள். “நான்தான், எறங்கிட்டேன்,” என்றாள். பிறகு கேட்டுக்கொண்டிருந்தாள். “எப்ப?” என்றாள். பிறகு, “சரி. பிள்ளைய அக்கா வீட்டுல வச்சிருங்க. நான் வர்றேன்,” என்றாள். தொலைபேசியைத் துப்பட்டாவால் துடைத்து என்னிடம் தந்தாள்.

“ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்பவாம் சேர்,” என்றாள். “கண்டி பஸ் எங்க நிக்கும்?”

சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் இறங்கிப் போனாள்.

பயணப் பதிவைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு நேரம் தெரியும். விமானம் நகரத் தொடங்கியபோது இலங்கை நேரம் ஒரு மணி ஐந்து. அவர் செத்த நேரம் நாங்கள் தரையில் நின்றுகொண்டிருந்தோம். நான் தட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகுதான் எனக்கு வந்த செய்தியைத் திறந்து பார்த்தேன். தொலைபேசி நிறுவனத்தின் ரிங்டோன் விளம்பரம்.

பதவி கிடைத்தது. லயனல் சேரின் அறிக்கையில், அழுத்தமான சூழ்நிலையிலும் விதிகளை விட்டுக்கொடுக்காதவர் என்று இருந்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

அவளுடைய கொழுந்தனின் இலக்கம் என் தொலைபேசியில் பதிவாகியிருந்தது. சில நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். கடைசியில் ஒரு லீவு நாளில் அழைத்து, அன்று விமானத்தில் தொலைபேசி கொடுத்தவன் பேசுகிறேன், வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் போனேன். அவர் சந்தியில் வந்து நின்றார். யோகராஜ் என்று பெயர். செத்துப்போனவர் சிவலிங்கம். அவள் பெயர் புஷ்பராணி என்பதும் அன்றுதான் தெரிந்தது.

தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறும் வழியில் யோகராஜ் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு நன்றி சொன்னார். “யாரு சேர் அப்படி சொந்தப் போனை எடுத்துக் குடுப்பாங்க,” என்றார். பிறகு அவராகவே அந்த நாளைப் பற்றிச் சொன்னார்.

“அண்ணன் கண்ணத் தொறந்துதான் வச்சிருந்தாரு சேர். அண்ணி பேசப் பேச வெரல் ஆடும். சப்பாத்துன்னு சொன்னப்ப நல்லாவே ஆடிச்சு. அப்புறம் அண்ணி ‘இருங்க, வந்துர்றேன்’னு சொன்னாங்க. லைன் போயிருச்சு. வருவாங்கன்னு நெனச்சு நான் போனை எடுக்கல. அவரு பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு. எடுத்தா பேச்சு முடிஞ்சிருச்சுன்னு வெளங்கிரும்ல. கை வலிச்சிச்சு, மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டேன். நர்ஸ் அம்மா வந்து, முடிஞ்சிருச்சு தம்பி, எடுங்கன்னு சொல்ற வரைக்கும் காதுலதான் வச்சிருந்தேன்.”

நான் பாதையோரம் நின்றுவிட்டேன். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்து அவர் என் பையை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் எனக்குக் கதிரை போட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து பார்த்தார்கள். ‘போன் குடுத்த சேர்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தேத்தண்ணி வந்தது. கருமாதி முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. சுவரோரம் கறுப்புச் சப்பாத்துப் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தபோது பக்கத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. நான் சொன்னேன். விமானம் நாற்பது நிமிடம் நின்றதையும், பேச விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதையும், இறக்கிவிடுவேன் என்றது சும்மா சொன்னது என்பதையும், என்னுடைய தொலைபேசியே நிறுத்தப்படாமல் இருந்ததையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“சத்தம் கேட்டிச்சு சேர்,” என்றாள்.

பிறகு, “பக்கத்துல இருந்த ஆளும் நிப்பாட்டல. அது எனக்கு அப்பவே தெரியும். ஆனா இறக்கி விட்டுட்டீங்கன்னா என்ன செய்றது? மொகத்தைக்கூட பாக்க ஏலாம போயிரும்ல. அதான் நிப்பாட்டுனேன்,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை.

“லீவு முடியுது. வர்ற கெழமை திரும்பிப் போறேன்,” என்றாள். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் விடைபெற்றபோது வாசல்வரை வந்து, “பாத்துப் போங்க சேர், எறக்கத்துல வழுக்கும்,” என்றாள்.

லயனல் சேர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை கண்டியில், வாவிக் கரையில் காலை நடைக்கு வந்தவரைச் சந்தித்தேன். இருவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பேச விடலாமா என்று கேட்டபோது, பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது என்றீர்களே, அது அனுமதியா, சோதனையா என்று கேட்டேன். பல வருடமாகக் கேட்க நினைத்திருந்த கேள்வி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“எந்தப் பெண் மல்லி?” என்றார்.

அடுத்த வருடம் அவர் காலமானார்.

தலைமைப் பணியாளராக நான் பல வருடம் இருந்தேன். அறிவிப்புகள் என் குரலிலேயே மூன்று மொழியிலும் போயின. தொலைபேசிகள் பெரிதாயின. நிறுத்தச் சொன்னது மாறி, ‘ஃபிளைட் மோட்’ என்கிற விமான நிலைக்கு மாற்றச் சொல்வது வந்தது. அதையும் யாரும் செய்யவில்லை. நான் கதவு மூடும்வரை யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மூடிய பிறகும் ஒரு தடவைக்கு மேல் சொல்வதில்லை. முன்னாலும் ஒரு தடவை, பின்னாலும் ஒரு தடவை. இதை என் நியாயமாக நினைத்துக்கொண்டேன். அதனால் எவருக்கும் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தெல்தோட்டைக்குப் போய் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஒரு காலைப் பயணத்தில் புஷ்பராணி ஏறினாள். மெலிந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு, “சொகமா சேர்?” என்றாள். பின்னால் யன்னலோரம் இடம். பயணிகள் ஏறி முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு அவளிடம் போனேன்.

நான் வருவதைக் கண்டதும் பைக்குள்ளிருந்து போனை எடுத்து, திரை என் பக்கம் இருக்கும்படி தூக்கிக் காட்டினாள். கறுப்பாக இருந்தது.

“நிப்பாட்டிட்டேன் சேர்.”

“கதவு மூட இன்னும் நேரம் இருக்குக்கா,” என்றேன். “மூடினாலும் பரவால்ல, நான் பாத்துக்கிறேன். மகளோட பேசுங்க.”

அவளுக்கு முன் வரிசையில் ஒருவன் காணொளி அழைப்பில் குழந்தை ஒன்றுக்கு விமானத்தின் உட்புறத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். பின் வரிசையில் இரண்டு பேர் சத்தமாக விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் போனைத் திரும்பப் பைக்குள் வைத்து இழுத்து மூடினாள்.

“வேணாம் சேர்,” என்றாள். “பாதியில வைக்கிறதுக்கு, பேசாமலே இருந்துரலாம்.”

ஆசனப்பட்டியைப் போட்டுக்கொண்டு, சரியாகப் போட்டிருக்கிறதா என்று நான் பார்ப்பதற்காகக் கைகளை விலக்கினாள். சரியாகத்தான் இருந்தது. நான் முன்னால் போனேன். கதவு மூடப்பட்டது. எல்லாப் பகுதியிலிருந்தும் ஒவ்வொருவராகத் தயார் என்றார்கள். விமானிக்குத் தயார் என்று சொன்னேன்.